சென்ட்ஓஎஸ் 7-ஐ விட்டு எங்கே போவது? டெபியனா, அல்மாவா, ஃப்ரீபிஎஸ்டியா?

சுன்னாகத்தான்:
சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் சேர்வரை ஆறு வருடமாக நான்தான் பார்க்கிறேன். சம்பளம் இல்லை, முதலாளி மாமா முறை. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிபியூ, 8 ஜிபி ரேம், ஓஎஸ் (இயங்குதளம்) சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். பில்லும் கையிருப்பும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.4 பதிப்பில் யாரோ எப்போதோ எழுதிய புரோகிராமில் ஓடுகின்றன. 2024 ஜூன் 30-ஓடு சென்ட்ஓஎஸ் 7-க்குப் புதுப்பிப்பு நின்ற பிறகும் பேசாமல் ஓட்டினேன். போன கிழமை மாமா, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வழி செய்யச் சொன்னார். இதை இணையத்துக்குத் திறந்துவிடப் பயமாக இருக்கிறது. கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும். எதைப் போடலாம்?

யம் பழகிய கை:
அல்மாலினக்ஸ். சென்ட்ஓஎஸ் போலவே அதுவும் ரெட்ஹாட் லினக்ஸ் குடும்பம்; நீங்கள் பழகிய கட்டளைகள், ஃபயர்வால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு எல்லாம் அப்படியே இருக்கும் (எஸ்இலினக்ஸை நிறுத்தி வைத்திருப்பீர்கள், தெரியும்). ஆனால் 9-ஐப் போடுங்கள். ரெட்ஹாட் குடும்பத்தின் 10-ஆம் பதிப்பு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள சிபியூவைக் கேட்கிறது, உங்கள் ஐ5-இல் அது இல்லை. அதே குடும்பத்தின் ரொக்கி லினக்ஸ் 10 அதில் ஓடாது. அல்மா மட்டும் பழைய சிபியூவுக்கென்று 10-ஐத் தனியாகத் தருகிறது.

கோண்டாவில் அண்ணை:
தம்பி, ஓஎஸ் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை அந்த பிஎச்பி. பழைய புரோகிராம் என்றால் அனேகமாக mysql_ என்று தொடங்கும் பழைய கட்டளைகளால்தான் தரவுத்தளத்தோடு கதைக்கும். பிஎச்பி 7-இலேயே அவற்றைத் தூக்கிவிட்டார்கள். அல்மா 9-இல் வருவது பிஎச்பி 8.0, டெபியன் லினக்ஸ் 12-இல் 8.2. எங்கே போனாலும் விழும். நான் ஒரு ரியூசன் வகுப்பின் சேர்வரை சனி ஞாயிறில் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். திங்கள் காலை வெறும் வெள்ளைப் பக்கம், வாசலில் காசு கட்ட வந்த பிள்ளைகள்.

அதைவிட மோசமானது தமிழ்ப் பெயர்கள். தரவுத்தளத்தின் பழைய அட்டவணைகள் லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியீட்டில் இருந்தும் உள்ளே யூனிகோட் தமிழ் கிடக்கும். சும்மா டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்தால் புதிய இடத்தில் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாகிவிடும். எடுக்கும்போதே லத்தீன்1 என்று சொல்லி எடுத்து, ஏற்றும்போது யூனிகோட் என்று சொல்லி ஏற்றுங்கள்.

நான் போடுவது டெபியன். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே ஏறலாம், பழைய பெட்டியையும் கழிக்காது. பழைய பிஎச்பியைக் கண்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்த தனி அறை போன்றது) அடைத்துவிட்டு ஆறுதலாகத் திருத்துங்கள். அதை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். மாமாவின் போனில் வயர்கார்ட் என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே மறையாக்கிய தனி வழி) போட்டுக் கொடுங்கள், டெபியனின் மையக்கருவான கேர்னலிலேயே அது உண்டு. யூபிஎஸ்ஸுக்கு யூஎஸ்பி வயர் இருந்தால் நட் என்ற மென்பொருளைப் போடுங்கள்; பற்றரி இறங்கும்போது அதுவே சேர்வரை ஒழுங்காக நிறுத்தும்.

வீட்டுச் சேர்வர்காரன்:
நான் வீட்டில் ஃப்ரீபிஎஸ்டிதான், அது லினக்ஸ் இல்லை, யுனிக்ஸ் வழி வந்த வேறு ஓஎஸ். அதன் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையும், புரோகிராம்களைப் பிரித்து அடைக்கும் ஜெயிலும் கைக்கு வந்த பிறகு லினக்ஸுக்குத் திரும்ப மனமில்லை. எத்தனை முறை கரண்ட் போயும் கோப்பு ஒன்றும் கெடவில்லை. ஆனால் கடைக்குப் போட மாட்டேன். நான் கொழும்புக்குப் போன அன்று விழுந்தால் யாழ்ப்பாணத்தில் யாரைக் கூப்பிடுவது?

சுன்னாகத்தான்:
அண்ணை சொன்னபடி தேடினேன். 141 இடத்தில் mysql_. அட்டவணைகள் லத்தீன்1 மட்டுமில்லை, மைஐசாமும்தான்; கரண்ட் திடீரென்று போனால் கெடக்கூடிய பழைய சேமிப்பு முறை அது. கரண்ட் போன அடுத்த நாள் ஏன் கையிருப்பு உதைக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. டெபியனே போடுகிறேன். பொங்கலுக்கு முன் பெயின்ட் வியாபாரம் சூடு, மாமா பெட்டியைத் தொடவிட மாட்டார். அதுவரை பழைய லாப்டொப்பில் ஏற்றிப் பார்க்கிறேன். அப்புறம் ஒன்று, பில் அடிக்கும் டொட் மற்றிக்ஸ் பிரின்டர் பரலல் போர்ட்டில் இருக்கிறது. டெபியனில் யாராவது அதை ஓட்டியிருக்கிறீர்களா?