குடும்பக் குழு: அத்தையின் பாபின் கேஸ்

அத்தை, காலை 9:12
என் தையல் மெஷினுக்கு ஜப்பானில் ஆர்டர் போட்ட பாபின் கேஸ் (அடிநூல் உருளையைப் போடும் சின்னக் கூடு) விஷயத்தில் ஒரே குழப்பம். பதிவுத் தபாலில் அனுப்ப முடியவில்லை, கூரியரில்தான் அனுப்புவேன், இன்னும் 28 டாலர் கட்டு என்கிறார் விற்பவர். சாமானே 34 டாலர்தான்!

அப்பா, 9:15
வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடும்மா.

அத்தை, 9:17
ஈரோடு முழுக்கத் தேடிவிட்டேன் அண்ணா, இந்தப் பழைய மாடலுக்கு எங்கும் இல்லை. நூல் உரசி உரசி கேஸின் தகட்டில் கோடு விழுந்துவிட்டது. பூ போட்டால் அடிநூல் மேலே எட்டிப் பார்க்கிறது. 22ஆம் தேதி கல்யாணத்துக்கு இன்னும் 6 பிளவுஸ் பாக்கி.

அத்தை, 9:24
இதோ இன்னொன்று. பார்சல் நிற்கிறது, 49 ரூபாய் கட்டுங்கள் என்று எஸ்எம்எஸ். லிங்க் இருக்கிறது. கட்டிவிடட்டுமா?

அண்ணன், 9:25
அத்தை, அதைத் தொடாதீர்கள்!! உங்கள் பார்சல் இன்னும் ஜப்பானை விட்டே கிளம்பவில்லை. அது எப்படி இங்கே நிற்கும்?

நான், 9:26
அந்த எஸ்எம்எஸ்ஸில் டிராக்கிங் நம்பர் இருக்கிறதா அத்தை?

அத்தை, 9:28
வெறும் 8 எண்.

அண்ணன், 9:31
வெளிநாட்டிலிருந்து பதிவுத் தபாலிலோ ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபாலிலோ வருவதற்கு டிராக்கிங் நம்பரில் 13 இடம் இருக்கும். முதலில் 2 எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் அனுப்பும் நாட்டின் 2 எழுத்து. ஜப்பான் என்றால் ஜேபி. அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடுங்கள்.

அண்ணன், 9:36
அந்த 28 டாலரையும் இப்போது கட்ட வேண்டாம். சுங்கவரி சாமான் விலைக்கு மட்டும் இல்லை அத்தை, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். அதற்கு மேல் கூரியர்காரர்கள் தங்கள் கட்டணம் என்று ஒன்று போடுவார்கள். ஈஎம்எஸ் உண்டா என்று கேளுங்கள். அது இங்கே நம் தபால்காரர் கையில் வரும். வரி இருந்தால் அவரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

மாமா, 9:41
கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இருக்காதே மாப்பிள்ளை?

அண்ணன், 9:43
கிஃப்ட் என்றால் 5,000 ரூபாய் வரை வரி இல்லை என்ற சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள் மாமா. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. காசு கொடுத்து வாங்கியதை கிஃப்ட் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. மாட்டினால் பார்சல் அங்கேயே முடங்கிவிடும்.

அத்தை, 9:46
சரி தம்பி. விற்பவருக்கு என்ன எழுதுவது?

அண்ணன், 9:52
"பதிவுத் தபால் கட்டணம் சேர்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். ஈஎம்எஸ்ஸில் அனுப்பினால் வித்தியாசம் எவ்வளவு? முடியாது என்றால் நீங்களே ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்." இதை நீங்கள் ஆர்டர் போட்ட தளத்தின் மெசேஜிலேயே எழுதுங்கள். தனியாக மெயிலில் பேசினால் நாளைக்குக் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. நீங்களாக ரத்து செய்யாதீர்கள். சாமான் கைக்கு வரும் வரை "வந்துவிட்டது" என்ற பட்டனையும் அழுத்த வேண்டாம்.

அத்தை, மதியம் 1:20
பதில் வந்துவிட்டது! ஈஎம்எஸ் உண்டாம், 9 டாலர் கூடுதல். மன்னிப்பும் கேட்டிருக்கிறார், பாவம். தளத்திலேயே கட்டிவிட்டேன்.

அப்பா, 1:24
நல்லது. அதுவரை அந்த 6 பிளவுஸ்?

அத்தை, 1:27
பக்கத்துத் தெரு அக்காவிடமும் இதே மாடல் மெஷின். ராத்திரியில் தன் கேஸைத் தருகிறேன் என்றார்.

அத்தை, மறுநாள் மாலை 5:05
நம்பர் வந்துவிட்டது தம்பி. ஈ என்று ஆரம்பித்து ஜேபி என்று முடிகிறது. எண்ணிப் பார்த்தேன், 13 இருக்கிறது.