கஞ்சா 'லீகல்' என்றால் யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவத்தில்?

திசைகாட்டி (கேள்வி)

கனடாவில் லீகல், ஜெர்மனியில் லீகல், தாய்லாந்தில் லீகல் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. விவரம் தேடிப் படித்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கணக்கு. மூன்று சந்தேகம்:

1. சுற்றுலா போகிறவர் இந்த நாடுகளில் சட்டப்படி வாங்க முடியுமா?
2. டாக்டர் எழுதிக்கொடுத்த சி.பி.டி. (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத சேர்மம்) எண்ணெயை இன்னொரு நாட்டுக்குக் கையில் கொண்டுபோகலாமா?
3. லீகலான இடத்தில் பயன்படுத்திவிட்டு ஊர் திரும்பினால் சிக்கல் வருமா?

"வக்கீலைப் பாருங்க" என்பதோடு நிறுத்தாமல், அளவும் விதியும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

---

பிரிவு_எட்டு

முதலில் அந்த 'லீகல்' என்ற சொல்லைத் தூக்கி ஓரமாக வையுங்கள். தண்டனையை மட்டும் குறைத்த நாடும் லீகல், மருந்தாக மட்டும் விடுகிற நாடும் லீகல், கடை போட்டு விற்கிற நாடும் லீகல் என்றே செய்தியில் வருகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிரம்பியவர் வெளியில் 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமல் போய் வாங்கக் கடை கிடையாது. சொந்தமாக வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ப்போர் சங்கத்தில் சேர வேண்டும். இரண்டுக்கும் அந்த நாட்டில் குறைந்தது ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். சங்கத்தில் 500 பேருக்கு மேல் சேரக்கூடாது. ஒருவருக்கு ஒரு நாளில் 25 கிராம், மாதத்தில் 50 கிராம். 21 வயதுக்குக் கீழே என்றால் மாதம் 30 கிராம்தான், அதிலும் டி.எச்.சி. (போதை தரும் சேர்மம்) 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக, சுற்றுலா வந்தவர் கையில் வைத்திருந்தால் குற்றமில்லை, ஆனால் அது கைக்கு வருவதற்குச் சட்டப்படி வழியில்லை. பாதசாரிகளுக்கான தெருக்களில் காலை 7 மணி முதல் இரவு 8 வரை புகைக்கவும் தடை.

உருகுவேதான் 2013-ல் முதன்முதலாகச் சட்டம் போட்ட நாடு. மருந்துக்கடை விற்பனை 2017-ல்தான் தொடங்கியது. பதிவு செய்த குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் மாதம் 40 கிராம். வெளிநாட்டுக்காரருக்கு இல்லை.

வெளிநாட்டுக்காரர் நேராகக் கடைக்குள் போகலாம் என்பது கனடாவில் (2018 அக்டோபர் 17 முதல்). வயது வரம்பு ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, மற்ற இடங்களில் 19. பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த பூ வரை கையில் இருக்கலாம். பலரும் தவறுவது மற்ற வடிவங்கள் எவ்வளவு பூவுக்குச் சமம் என்ற கணக்கில்தான்: 1 கிராம் உலர் பூ = 15 கிராம் திட உணவு = 70 கிராம் திரவம் (பானம் தவிர) = 0.25 கிராம் செறிவுச் சாறு. செறிவுச் சாறு 7.5 கிராமிலேயே வரம்பு முடிந்துவிடும். சாப்பிடுகிற வகையில் ஒரு பாக்கெட்டுக்கு டி.எச்.சி. 10 மில்லிகிராம்தான் உச்சம்.

தாய்லாந்தை நம்பி யாரும் பழைய வீடியோ பார்த்துக் கிளம்ப வேண்டாம். 2022 ஜூன் 9-ல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2025 ஜூனில் பூவுக்கு மருந்துச் சீட்டு கட்டாயம் ஆகிவிட்டது. 0.2 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள சாறு 2022-லும் விடுபடவில்லை. அந்த மூன்று வருடக் கூத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் தனியாக நிற்கிறது. கொலராடோ கடையில் 21 வயதானவர் சட்டப்படி வாங்குகிறார். அதே பொட்டலத்தோடு அதே மாநிலத்துக்குள் இருக்கும் தேசியப் பூங்காவில் நுழைந்தால் மத்தியச் சட்டத்தில் குற்றம். விமானத்துக்கும் அதே கதை. பக்கத்து மாநிலத்திலும் லீகல்தானே என்று எல்லை தாண்டுவதும் அப்படியே.

---

மருந்துப்பெட்டி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நாடு விட்டு நாடு போகும்போது எல்லாம் இறுகுவதற்குக் காரணம் 1961-ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம். 2020 டிசம்பர் 2 அன்று 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை அதன் நான்காம் பட்டியலிலிருந்து (கட்டுப்பாடு மிகக் கடுமையானது) எடுத்தார்கள். "ஐ.நா. கஞ்சாவை விடுவித்தது" என்று தலைப்பு போட்டார்கள், தப்பு. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் முதல் பட்டியலில் அது அப்படியே இருக்கிறது. அதனால் கனடாவிலிருந்து இன்னொரு லீகல் நாட்டுக்குப் போனாலும், மருந்துச் சீட்டே இருந்தாலும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது.

சி.பி.டி. எண்ணெயில் சிக்கல் சி.பி.டி.யில் இல்லை, அதோடு ஒட்டி வரும் டி.எச்.சி.யில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' (செடியின் மற்ற சேர்மங்களும் சேர்ந்தது) என்று எழுதிய 10 மில்லி பாட்டில், டி.எச்.சி. 0.2 சதவீதம். ஒரு மில்லியில் சுமார் 2 மில்லிகிராம், பாட்டிலில் 20 மில்லிகிராம். பல ஐரோப்பிய நாடுகளின் சணல் (டி.எச்.சி. மிகக் குறைந்த கஞ்சா வகை) வரம்பான 0.3-க்கு அது கீழே. அதே பாட்டிலை ஜப்பானுக்குக் கொண்டுபோனால்? அங்கே 2024 டிசம்பர் முதல் எண்ணெய்க்கு வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. இந்தப் பாட்டிலில் பத்து லட்சத்துக்கு 2,000. இருநூறு மடங்கு. லேபிளில் 'சி.பி.டி.' என்று மட்டும் படித்துவிட்டுப் பெட்டியில் போடுகிறவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) கட்டுப்பாட்டு மருந்து கொண்டுபோக 75-ஆம் பிரிவுச் சான்றிதழ் உண்டு. டாக்டர் நிரப்ப வேண்டும், குடியிருக்கும் நாட்டின் அதிகாரி முத்திரை போட வேண்டும். ஒரு மருந்துக்கு ஒரு தாள், 30 நாள் செல்லும். நோயாளியே கொண்டுபோக வேண்டும். வீட்டார் யாரும் அவருக்காக எடுத்துப்போகச் செல்லாது. ஷெங்கனுக்கு வெளியே அந்தத் தாளுக்கு மதிப்பில்லை, போகும் நாட்டின் மருந்துத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வழியில் இறங்கி விமானம் மாறுகிற நாட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

டாக்டர் கடிதத்தில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மருந்தின் பொதுப்பெயர், ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், ஒரு நாள் அளவு, எத்தனை நாள் பயணம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், இத்தனையும் வேண்டும். நாள் அளவு இல்லாவிட்டால் கஸ்டம்ஸ்காரர் பாட்டிலில் இருப்பது பத்து நாளைக்கா பத்து மாதத்துக்கா என்று சரிபார்க்க முடியாது. இடம் மிச்சம் பிடிக்கச் சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசம். மருந்துக்கடை லேபிள் போனால் அது வெறும் எண்ணெய்தான்.

இன்னொன்று, கேட்காததுதான் என்றாலும். வலிப்புக்கு எழுதப்படும் எபிடியோலெக்ஸ் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் சி.பி.டி. என்று நிர்ணயிக்கப்பட்ட மருந்து. பயணத்தில் அது தீர்ந்துவிட்டால் கடையில் கிடைக்கும் சி.பி.டி. எண்ணெயை 'அதேதானே' என்று மாற்றிக் கொடுக்காதீர்கள். செறிவு வேறு. குளோபசாம், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துகளையும் கூடச் சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மாறினால் தூக்கக் கலக்கமும் கல்லீரல் தொந்தரவும் வரும்.

---

எல்லைக்கோடு

மூன்றாவதற்குச் சுருக்கமாக.

சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் அது சிங்கப்பூரில் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும். போதைப்பொருள் சட்டம் 8ஏ பிரிவு. தென் கொரியாவும் தன் குடிமக்களுக்கு இதே மாதிரிதான். சிறுநீர்ச் சோதனை தேடுவது டி.எச்.சி.யை அல்ல, உடல் அதைச் சிதைத்தபின் சிறுநீரில் வெளியேறும் எச்சத்தை. எப்போதாவது பயன்படுத்துகிறவருக்கு மூன்று நான்கு நாள், தினமும் என்றால் ஒரு மாதம் வரைகூடத் தெரியும். போதை இறங்கிவிட்டது என்பது கணக்கில் வராது.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதே பொறி. ஜெர்மனியில் ரத்த சீரத்தில் (ரத்த அணுக்களை நீக்கிய திரவம்) மில்லிக்கு 3.5 நானோகிராம் டி.எச்.சி. வரம்பு. புது லைசென்ஸ்காரருக்கும் 21-க்குக் கீழே உள்ளவருக்கும் அந்தச் சலுகையும் இல்லை. கனடாவில் ரத்தத்தில் மில்லிக்கு 2 நானோகிராமிலேயே குற்றம், 5-ஐத் தொட்டால் தண்டனை கூடும்.

இந்தியா பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனி. அது இல்லாமல் தனியாக உள்ள இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. இலை மாநிலச் சட்டத்தின் கையில். 1 கிலோ வரை 'சிறிய அளவு' என்பதை 'வைத்துக்கொள்ளலாம்' என்று படிக்கிறவர்கள் ஏராளம். அது தண்டனையின் படிக்கட்டு மட்டுமே: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

---

திசைகாட்டி

மூவருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். பூ வகையிலேயே சில பாக்கெட்டில் 'டி.எச்.சி. 0.2%, டி.எச்.சி.ஏ. 18%' என்று போட்டிருக்கிறது. இது 0.3 வரம்புக்குள்தானே?

---

மருந்துப்பெட்டி

இல்லை. டி.எச்.சி.ஏ. என்பது செடியில் இயல்பாக இருக்கும் அமில வடிவம். சூடு பட்டதும் ஒரு பகுதி கரியமில வாயுவாகப் பிரிந்து டி.எச்.சி. ஆகிவிடும். எடை குறைவதால் 0.877-ஆல் பெருக்க வேண்டும்: 18 × 0.877 = 15.8, அதோடு 0.2 சேர்த்தால் 16 சதவீதம். மொத்த டி.எச்.சி.யைக் கணக்கிடும் நாட்டில் அது சணல் இல்லை, முழுக் கஞ்சா. முன்னால் இருக்கும் சின்ன எண்ணை விட்டுவிட்டு, ஆய்வக அறிக்கையில் 'மொத்த டி.எச்.சி.' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத அறிக்கை என்றால் வாங்காதீர்கள்.