ஃபோர்ட் வொர்த்: அம்மா அப்பாவை அழைத்துப் போக ஒரு நாள் போதுமா?

இர்விங் மல்லிகை:

வணக்கம். மார்ச் கடைசியில் அம்மாவும் அப்பாவும் புதுக்கோட்டையிலிருந்து முதல் தடவையாக எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் டெக்ஸாஸில் டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் இருக்கிற இர்விங்குக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் டாலஸ் பக்கம்தான் போகிறோம், ஃபோர்ட் வொர்த்துக்கு ஒரு பிறந்த நாள் விழாவுக்குப் போய் வந்ததோடு சரி. அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் இப்போதும் இரண்டு மாடு நிற்கிறது, அதனால் பெரிய கட்டடங்களைவிட மாடு பார்க்கத்தான் ஆசைப்படுவார். அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம். வார நாட்களில் காரைக் கணவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஆகவே ரயிலில் போக வழி இருந்தாலும் சொல்லுங்கள். ஊர் ரொம்பப் பெரிது என்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது என்றே புரியவில்லை. ஒரு நாளில் முடித்துவிடலாமா?

ட்ரினிட்டிக் கரை:

பதினோரு வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். டாலஸ் போகிறவர்கள் பாதி நாள் எட்டிப் பார்க்கிற இடமாக இதை வைத்துக்கொள்வது எனக்கு வருத்தம். இரண்டு நாள் கொடுங்கள். பரப்பளவு சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்கு, மக்கள் பத்து லட்சத்தைத் தாண்டியதே 2024இல்தான். ஆனாலும் நீங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் ஸ்டாக்யார்ட்ஸ் (பழைய கால்நடைச் சந்தை வட்டாரம்), டவுன்டவுன், அருங்காட்சியக வட்டாரம் என்று மூன்று இடத்தில் அடங்கிவிடும்.

முதல் நாளை முழுசாக ஸ்டாக்யார்ட்ஸுக்குக் கொடுங்கள். தினமும் காலை 11:30க்கும் மாலை 4 மணிக்கும் எக்ஸ்சேஞ்ச் அவென்யூவில் லாங்ஹார்ன் மாடுகளை ஓட்டி வருவார்கள். வானிலை மோசமாக இருந்தாலும் சில பெரிய பண்டிகை நாட்களிலும் கிடையாது. குதிரை மேல் இருக்கிறவர்கள் அதட்டுவதுகூட இல்லை, மாடுகள் செங்கல் பாவிய தெருவில் அசைந்து அசைந்து வரும். கொம்பு பக்கவாட்டில் நீண்டு நுனியில் மேலே வளைந்திருக்கும், நுனிக்கு நுனி ஆறடிக்கு மேல். பக்கத்து மாட்டின் மேல் கொம்பு படாமல் கழுத்தை லேசாகச் சாய்த்து நடப்பதை உங்கள் அப்பா உடனே கவனிப்பார்.

அந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கதையையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்ஸாஸில் நான்கு டாலருக்குப் போன மாடு வடக்கே நாற்பது டாலருக்கு விலை போனது. அதனால் 1867 முதல் சிஷோம் தடம் என்ற மாட்டுப் பாதையில் கான்சாஸ் ரயிலடி வரைக்கும் மாடுகளை நடத்தியே கொண்டு போனார்கள். டெக்ஸாஸின் வடக்கு எல்லையான ரெட் ஆற்றைத் தாண்டுவதற்கு முன் அரிசி, மாவு, காப்பித்தூள் வாங்கக் கடைசியாக இருந்த பெரிய ஊர் இதுதான். 1876இல் ரயிலே இங்கே வந்துவிட்டது. 1902 வாக்கில் ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரண்டு இறைச்சி நிறுவனங்கள் ஆலை போட்டன. 1944இல் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் கால்நடைகள் இந்தச் சந்தையைக் கடந்தன. பிறகு லாரி வந்தது, அங்கங்கே உள்ளூர் ஏலச் சந்தைகள் முளைத்தன, 1971இல் ஸ்விஃப்டும் மூடிவிட்டது. இப்போது நாம் படம் எடுத்துக்கொள்ளும் இடமெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த இடம்.

ரோடியோ என்ற கவ்பாய் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் கவ்டவுன் கொலிசியம் அரங்கத்தின் வாசலில் பில் பிக்கெட் சிலை இருக்கிறது, கட்டாயம் நின்று பாருங்கள். கறுப்பின கவ்பாய். குதிரையிலிருந்து பாய்ந்து காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கிற போட்டிக்கு வழி வகுத்தவர் அவர். கவ்பாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். ரோடியோ, லாஸோ (சுருக்குக் கயிறு) என்ற சொற்களே மெக்சிகோ மாட்டுக்காரர்களின் ஸ்பானியத்திலிருந்து வந்தவை.

நெல்லைத் தம்பி:

அக்கா, மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றே ஒன்றில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. மாடு ஓட்டுவதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மொத்தம் பதினைந்து பதினாறு மாடு, சில நிமிஷத்தில் கடந்து போய்விடும். வெயிலில் கூட்டத்தில் நின்று காத்திருந்த என் பிள்ளைகள் "அவ்வளவுதானா அப்பா" என்று கேட்டார்கள். லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பின்னால் அந்த மாடுகளைக் கட்டி வைக்கிற பட்டி இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். படுத்து அசைபோட்டுக்கொண்டு இருக்கும், நிதானமாகப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. என் மாமியாரும் சைவம்தான். ஒரு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்ஸாஸ் பாணி மெக்சிகோ சமையல்) உணவகத்தில் சோறும் பீன்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டேன், பாதி சாப்பிட்ட பிறகுதான் சோறு கோழிச் சாற்றில் வெந்தது என்று தெரிந்தது. அன்றைக்கு முழுவதும் அவர் எதையும் தொடவில்லை, இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, முழு பீன்ஸில் பேகன் என்ற பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் போதாது, சாறும் கொழுப்பும் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சீஸ் என்சிலாடா (சீஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி) கேட்டாலும் மேலே ஊற்றுகிற குழம்பில் கறி இருக்கலாம். பேசாமல் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

ரயில் பற்றி: டவுன்டவுன் இர்விங் நிலையத்தில் டிஆர்இ (ட்ரினிட்டி ரயில்வே எக்ஸ்பிரஸ்) ரயில் ஏறினால் ஃபோர்ட் வொர்த் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து ஸ்டாக்யார்ட்ஸுக்கு ஆரஞ்சு லைன் பஸ். ஞாயிற்றுக்கிழமை டிஆர்இ ஓடாது, மறந்துவிடாதீர்கள்.

கோடுகளும் நிழலும்:

இரண்டாவது நாளுக்கு நான் சொல்கிறேன், கட்டடக் கலை படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியக வட்டாரத்தில் கிம்பெல், ஆமன் கார்ட்டர் என்ற கலை அருங்காட்சியகங்கள் இரண்டும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஆமன் கார்ட்டரில் நுழைவுக் கட்டணம் இல்லை, கிம்பெலில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை இரண்டும் மூடியிருக்கும்.

கிம்பெலைக் கட்டியவர் லூயி கான், அகமதாபாத் ஐஐஎம்மைக் கட்டியவரும் அவரே. 1972இல் திறந்த கட்டடம். கூரை நீள நீளமான கான்கிரீட் வளைவுகள், ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு கீறல் போல இடைவெளி. அதன் வழியாக இறங்கும் டெக்ஸாஸ் வெயில் அடியில் தொங்கும் அலுமினியத் தகட்டில் பட்டு மேலே திரும்பி, சாம்பல் நிறக் கான்கிரீட்டை வெள்ளி போல ஆக்கிவிடும். மேகம் ஒன்று கடந்தால் சுவரே நிறம் மாறும். நான் முதல் தடவை போனபோது ஓவியங்களை மறந்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது வரைந்ததாகக் கருதப்படும் புனித அந்தோணியார் ஓவியமும் அங்கேதான். உட்கார பெஞ்சுகள் உண்டு, அம்மாவுக்குக் கஷ்டமிருக்காது.

ஆமன் கார்ட்டரில் கவ்பாய் ஓவியங்களுக்குப் பேர் போன ரெமிங்டன் 1889இல் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தைத் தேடுங்கள். எட்டுப் பேர் குதிரைகளை விரட்டிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார்கள், பல குதிரைகளின் கால்கள் தரையிலேயே இல்லை, புழுதி மட்டும் இருக்கிறது. நேற்று ஸ்டாக்யார்ட்ஸில் பார்த்த தெருவும் இந்தப் படமும் சேரும்போதுதான் ஊர் புரியும். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இர்விங் மல்லிகை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இரண்டு நாள் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒன்று. வெள்ளி, சனி இரவு கொலிசியத்தில் ரோடியோ நடக்கிறதாமே, அம்மா பார்ப்பாரா? மாட்டைக் கஷ்டப்படுத்துவது போல இருந்தால் எழுந்து வந்துவிடுவார்.

ட்ரினிட்டிக் கரை:

மறைக்காமல் சொல்கிறேன். கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிறு வீசி, தரையில் சாய்த்து, மூன்று காலைக் கட்டுகிற போட்டி ஒன்று உண்டு. அதை என் மனைவியால் இன்றுவரை பார்க்க முடியவில்லை, அந்த நேரத்தில் வெளியே போய்விடுவாள். அம்மாவையும் அப்போது கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்கள். பீப்பாய்களைச் சுற்றிப் பெண்கள் குதிரை ஓட்டுவதை ரசிப்பார்.

அப்பாவுக்குக் காளைச் சவாரி. எட்டு வினாடி, ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், மறு கை காளை மேல் பட்டாலே போச்சு. மொத்த மதிப்பெண் நூறு. அதில் பாதி ஆளுக்கு, பாதி காளைக்கு. எவ்வளவு துள்ளியது, எப்படித் திரும்பியது என்று பார்த்துக் காளைக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். புதுக்கோட்டைக்காரருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். இந்த லாங்ஹார்ன் மாடுகள் போன வழியில் வடக்கத்தி மாடுகள் ஒரு காய்ச்சல் வந்து செத்து விழுந்தன, இவற்றுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அதனால் கான்சாஸ் எல்லையையே அடைத்தது, தடம் நின்று போனதற்கு முள்கம்பி வேலியோடு இதுவும் ஒரு காரணம். உண்ணிதான் அந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1893இல் நிரூபித்தார்கள்.

இர்விங் மல்லிகை:

இப்போதுதான் அப்பாவிடம் போனில் பேசினேன். உண்ணிக் காய்ச்சல் என்றதும் அவரே அதை உண்டாக்குகிற கிருமி பபீசியா என்று சொல்லிவிட்டு, சர்வீஸில் பார்த்த கேஸ்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். காளைக்கும் மதிப்பெண் உண்டு என்றேன், வெள்ளிக்கிழமைக்கே டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். அம்மா புளியோதரைக்குப் பொடி இடித்துக்கொண்டு வருகிறாராம்.