இட்டாலிக் (சாய்வெழுத்து) வரிகளில் பெரிய எழுத்துகளை மட்டும் நேராக வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன ஆங்கிலக் கவிதை நூலை முழுக்க இட்டாலிக்கில் கோர்க்கிறேன். எழுத்துரு இபி கரமான்ட். அழகுதான், ஆனால் வரித் தொடக்கத்துப் பெரிய எழுத்துகளும் சேர்ந்து சாய்வதால் இடது ஓரம் ஆட்டம் காண்கிறது.

1501இல் வெனிஸில் ஆல்டுஸ் மனூட்டியுஸ் என்ற பதிப்பாளர் அச்சிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலில், அச்செழுத்துக் கலைஞர் கிரிஃப்போ வெட்டிய சிறிய எழுத்துகள் மட்டுமே சாயும். பெரியவை நேராக, கொஞ்சம் குள்ளமாக நிற்கும். வரியின் முதல் எழுத்துக்கு அப்புறம் ஒரு சிறு இடைவெளி வேறு. எனக்கு அந்தத் தோற்றம்தான் வேண்டும்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட வகை எழுத்துகளைத் தானே கண்டுபிடித்து வடிவம் மாற்றும் வசதி) போட்டுப் பெரிய எழுத்துகளை நேராக்கிவிட்டேன். சரி, உயரம்? அளவைக் குறைத்தால் கோடு மெலிகிறது. ஸ்மால் கேப்ஸ் (சிறிய எழுத்தின் உயரத்துக்கே வரைந்த பெரிய எழுத்து வடிவங்கள்) ரொம்பக் குட்டை. நடுத்தரமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள்? அந்த முதலெழுத்து இடைவெளியையும் ஸ்டைலிலேயே கொண்டுவர முடியுமா?