அளவு ரவிக்கை எங்கே?

குழு: ஒரே வேர்

காலை 6:41

பத்மா சித்தி: எல்லோருக்கும் வணக்கம். திவ்யா கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. தையல்காரர் நாளை மாலை ஆறு மணிக்கு வருகிறார். பெண்கள் அனைவரும் அளவு ரவிக்கையைப் பையில் போட்டு, பையின் மேல் பெயர் எழுதி, இன்றைக்கே என்னிடம் சேர்த்துவிட வேண்டும். பெயர் எழுதாத பைக்கு நான் பொறுப்பில்லை.

வசந்தா பெரியம்மா: போன கல்யாணத்துக்குக் கொடுத்த அளவு ரவிக்கையே எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

பத்மா சித்தி: அக்கா, அது உங்கள் பீரோவில் இருக்கிறது. என் கையாலேயே வைத்தேன்.

மாலா: என்னுடையதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கலா: சித்தி, என்னிடம் அளவு ரவிக்கை இல்லை.

பத்மா சித்தி: இல்லையா? பீரோ கதவு மூட முடியாமல் வைத்திருக்கிறாயே.

கலா: ரவிக்கை இருக்கிறது. அளவுதான் இல்லை. ஜனவரியிலிருந்து 11 கிலோ குறைந்திருக்கிறேன். இன்னும் 6 குறைய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழைய ரவிக்கையைக் கொடுத்தால் பழைய கலாவுக்குத்தான் தைத்துக் கொடுப்பார்.

பிரபு: இங்கேயும் அதே கதைதான். பெல்ட் இல்லாவிட்டால் என் மானம் இல்லை.

மாலா: நீ இளைத்தாயா? எப்போது?

பிரபு: 4 கிலோ. யாரும் சிரிக்க வேண்டாம்.

வசந்தா பெரியம்மா: முகத்தில் தெரியவில்லை.

காலை 7:20

ரகு மாமா: கலா, கவலைப்படாதே. முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அளவு எண் என்பதே மனிதர்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் வேளாண்மைத் துறை கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். அறிக்கை 1941இல் வந்தது. அதை அடிப்படையாக வைத்து 1958இல் ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பொது அளவுத் தரம் கொண்டுவந்தார்கள். விரும்பினால் பின்பற்றலாம் என்ற தரம்தான். 1983இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். அங்கே இன்றைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய எண்ணை ஒட்டுகிறது. ஒரே இடுப்பு ஒரு கடையில் 12, இன்னொரு கடையில் 8. ஆகவே ஆயத்த ரவிக்கை வாங்குவதாக இருந்தால் எண்ணைப் பார்க்காதே, அங்குலத்தைப் பார்.

நித்யா: தாத்தா, வேளாண்மைத் துறைக்கும் ரவிக்கைக்கும் என்ன சம்பந்தம்?

ரகு மாமா: நல்ல கேள்வி. மனையியல் பிரிவு அப்போது அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது.

பிரபு: விளைச்சலை அளந்தவர்கள் எங்களையும் அளந்திருக்கலாம்.

சுந்தரி அத்தை: பிள்ளை கேட்டது ரவிக்கை. இவர் கொடுப்பது வரலாறு. கலா, சமையலறை வேலையை முடித்துவிட்டு நான் சொல்கிறேன்.

ரகு மாமா: அடிப்படை தெரிய வேண்டும் அல்லவா?

சுந்தரி அத்தை: அடிப்படை தெரிந்தவர் நேற்று சட்டைப் பொத்தான் தைக்க என்னிடம்தான் வந்தார்.

காலை 8:05

பத்மா சித்தி: இதுவரை வந்தது மாலா பை மட்டும். அதிலும் பெயர் இல்லை.

நித்யா: சின்னப் பாட்டி, என் பிரச்சினையையும் யாராவது கேளுங்கள். அம்மா தன் துணி எல்லாம் பெரிதாகிவிட்டது என்று என் குர்த்தாவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது.

கலா: துவைத்துத்தானே வைக்கிறேன்.

நித்யா: துவைத்தாய். நீலக் குர்த்தாவில் கைக்குழித் தையல் விட்டிருக்கிறது.

மாலா: கலா, நீ இரண்டு உருப்படி வாங்கிக்கொண்டால் என்ன? பணம் இல்லாமலா?

கலா: இறுதி எடைக்கு வந்த பிறகு மொத்தமாக வாங்கலாம் என்றுதான் எட்டு மாதமாகப் பழையதையே போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் தொளதொளக்கப் போவதை எதற்கு வாங்க வேண்டும்? போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்புக்கு என்ன, எந்த டாக்டரிடம் காட்டுகிறாய் என்று கேட்டார். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடக்கிறது. அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் நித்யாவின் குர்த்தாவை எடுத்தேன்.

மாலா: இதை ஏன் முன்பே சொல்லவில்லை?

வசந்தா பெரியம்மா: பழைய துணியை யாருக்கும் கொடுத்துவிடாதே. திரும்ப எடை ஏறினால் என்ன செய்வாய்? போன முறையும் இப்படித்தான்.

காலை 8:31

மாலா: பெரியம்மா, காலையிலேயே வேண்டாமே.

வசந்தா பெரியம்மா: நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? நடந்ததைத்தானே சொன்னேன்.

கலா: ஏறினால் அப்போது பார்த்துக்கொள்கிறேன் பெரியம்மா.

காலை 9:10

சுந்தரி அத்தை: வந்துவிட்டேன். கலா, கல்யாண ரவிக்கை முதலில். துணியை நாளைக்கே கொடுத்துவிடு. அளவு ரவிக்கை மட்டும் கொடுக்காதே. நாடாவால் உடம்பில் அளக்கச் சொல்.

சுந்தரி அத்தை: தோள் அகலம் எலும்பு சார்ந்தது. இளைத்தாலும் பெரிதாக மாறாது. அதை இன்றைக்கே எடுக்கலாம். மாறப்போவது மார்பு, இடுப்பு, கைச்சுற்று. இந்த மூன்றும் பக்கத் தையலில் அடங்கிவிடும்.

சுந்தரி அத்தை: கையைத் தோளோடு இணைத்த பிறகு, கை நுனியிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாகத்தான் பக்கத்தை மூடுவார்கள். அந்த ஓட்டத்தை மட்டும் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் போடச் சொல். மற்ற வேலை எல்லாம் முடிந்து தயாராக இருக்கட்டும். உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல். ஒருமுறை சொன்னால் கத்தரி போய்விடும்.

சுந்தரி அத்தை: கழுத்தை அகலமாக வைக்காதே. பக்கத்தைப் பிடிக்கலாம், கழுத்தைப் பிடிக்க முடியாது. இளைத்த தோளில் அகலக் கழுத்து நிற்காமல் சரியும். பூவேலை செய்வதாக இருந்தால் பக்கத் தையலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். கொக்கிக்கு எதிரில் நூல் வளையம் இரண்டு வரிசை போடச் சொல். அரை அங்குலம் அங்கேயே கிடைக்கும்.

கலா: அத்தை, இதை எல்லாம் தையல்காரரிடம் நீங்களே சொல்லிவிடுகிறீர்களா?

பத்மா சித்தி: அண்ணி, ஒருத்திக்கு ஐந்து நாள் முன்னால் என்றால் பதினோரு பேரும் அதையே கேட்பார்கள். அந்த மனிதருக்கு இரண்டு கைதான்.

மாலா: மற்ற பத்துப் பேரும் இளைக்கப் போவதில்லை சித்தி, நிம்மதியாக இருங்கள்.

பிரபு: அத்தை, என் பேன்ட்?

சுந்தரி அத்தை: தைத்த பேன்ட்தானே? பின்பக்கம் நடுத் தையலைத் திருப்பிப் பார். இடுப்புப் பட்டியும் அங்கே இரண்டு துண்டாகச் சேர்ந்திருக்கும். கூட்டவும் குறைக்கவும்தான் அப்படி வைக்கிறார்கள். இரண்டு அங்குலம்வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேச ஆரம்பித்துவிடும்.

பிரபு: ஜீன்ஸ்?

சுந்தரி அத்தை: அதன் பட்டி ஒரே துண்டு. பிரித்தால் வேலை அதிகம். போட்டுக் கிழி.

மாலா: மாமாவின் பேன்ட் குழுப் படம் எடுக்கும்போது இறங்கியது யார் கல்யாணத்தில்?

ரகு மாமா: பழைய விஷயம்.

வசந்தா பெரியம்மா: என் கல்யாணத்தில். படம் என்னிடம் இருக்கிறது.

ரகு மாமா: அக்கா, அனுப்ப வேண்டாம்.

வசந்தா பெரியம்மா: படம்

பிரபு: இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் பாருங்கள்.

ரகு மாமா: அன்று பெல்ட் வாரில் துளை போதவில்லை. அப்பா ஆணியைச் சுட்டுத் துளை போட்டுக் கொடுத்தார். துளை கோணலாக விழுந்து, கம்பி அதில் நிற்கவே இல்லை. பிரபு, நீ அப்படிச் செய்யாதே. வாரைக் குறைக்க வேண்டுமானால் கொக்கிப் பக்கம் கழற்றி அங்கே வெட்ட வேண்டும். நுனியில் வெட்டினால் துளையும் போகும், அழகும் போகும்.

சுந்தரி அத்தை: இது உண்மை. இவர் சொன்னதில் குறித்து வைக்கத் தக்கது.

காலை 9:48

நித்யா: அம்மாவின் சுடிதார்களை நானே பிடித்துத் தைத்துக் கொடுத்தால் என் குர்த்தாக்கள் தப்பிக்குமா?

சுந்தரி அத்தை: தப்பிக்கும். துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அவளுக்குப் போட்டுவிடு. இரண்டு பக்கமும் சம அளவு கிள்ளி ஊக்குக் குத்து. ஒரு பக்கம் மட்டும் கிள்ளினால் முன்பக்கம் கோணிக்கொள்ளும். தையல் நீளத்தை மெஷினில் இருப்பதிலேயே பெரிதாக வை. அடுத்த மாதம் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும் அல்லவா? பக்கப் பிளவு தொடங்கும் இடத்துக்கு வரும்போது சாய்வாகப் பழைய தையலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. நேராக இறக்கினால் அந்த இடத்தில் துணி மூக்குச் சுளிக்கும்.

நித்யா: ஊக்கோடு அப்படியே போட்டுக்கொண்டு போனால் என்ன?

ரகு மாமா: ஊக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பூட்டுகிற ஊக்குக்கு 1849இல் காப்புரிமை வாங்கியவர் வால்டர் ஹன்ட் என்பவர். தன் கடனை அடைக்க அந்த உரிமையையே விற்றுவிட்டார்.

வசந்தா பெரியம்மா: விற்றவர் எல்லாம் அப்படித்தான். வைத்திருப்பவளுக்குத்தான் பேச்சு.

பத்மா சித்தி: அக்கா, இப்போது யார் என்ன சொன்னார்கள்?

வசந்தா பெரியம்மா: பச்சைப் புடவையைப் பற்றி நீ திவ்யாவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது.

பத்மா சித்தி: அம்மா புடவையை என் பெண் கல்யாணத்தில் ஒருநாள் கட்டட்டும் என்று கேட்டேன். அதில் என்ன தப்பு?

மாலா: சித்தி, பெரியம்மா, தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கலா, என் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. நான் இளைத்தபோது வாங்கியவை. எனக்கு இப்போது பற்றாது, நீ கேலி செய்யும் முன்பே நானே சொல்லிவிடுகிறேன். நாடா வைத்த பேன்ட் மூன்று, குர்த்தா ஐந்தாறு. அளவு இரண்டு விதமாக இருக்கும்.

கலா: அந்தப் பெட்டியா? நான் கேட்டபோது உனக்கு எங்கே பற்றப்போகிறது என்றாயே.

மாலா: அது நான்கு வருடத்துக்கு முன்னால்.

கலா: ஞாபகம் இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

மாலா: சரி. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலம் பிரபுவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கலா: அனுப்பு. நாடா வைத்தவைதான் முக்கியம். கீழே இரண்டு, மேலே நான்கு இருந்தால் எனக்கு மூன்று மாதம் ஓடிவிடும். எனக்குப் பெரிதானதும் துவைத்து உன்னிடமே வந்துவிடும்.

மாலா: என்னிடம் எதற்கு? பெட்டி உன் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்து யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளட்டும். உள்ளாடையை மட்டும் நீ வாங்கிக்கொள். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில் சரியாக நிற்பதை எடு. இளைக்க இளைக்க உள்கொக்கிக்கு மாற்றிக்கொண்டே போகலாம். முதல் கொக்கியிலேயே பொருந்துவதை வாங்கினால் ஒரு மாதம்கூட வராது. அது சரியாக இல்லாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல துணி போட்டாலும்

மாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: நான் படிக்கவில்லை.

ரகு மாமா: நானும் படிக்கவில்லை.

கலா: நான் படித்துவிட்டேன் அக்கா.

வசந்தா பெரியம்மா: துணி கிடக்கட்டும். மோதிரத்தைக் கவனித்தாயா? இளைக்கும்போது முதலில் விரல்தான் காட்டிக்கொடுக்கும். கை கழுவும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும். உள்பக்கம் நூல் சுற்று. அடர்த்தியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். உன் அம்மா அப்படித்தான் சுற்றியிருந்தாள், கடைசி வருடத்தில்.

காலை 10:22

கலா: நேற்றுதான் சுற்றினேன் பெரியம்மா. சிவப்பு நூல்.

வசந்தா பெரியம்மா: நனைந்தால் மாற்று. ஈரத்தோடு விட்டால் விரல் புண்ணாகும்.

பகல் 12:40

பத்மா சித்தி: கடைசியில் என்னதான் முடிவு? கலா அளவு நாளைக்கா, ஐந்து நாள் முன்னாலா? தையல்காரரிடம் நான் எதைச் சொல்வது?

சுந்தரி அத்தை: துணி நாளைக்கு. பக்கத் தையல் பிறகு.

பத்மா சித்தி: அவர் ஒப்புக்கொண்டால் சரி. ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்களே தைத்துக் கொடுக்க வேண்டும் அண்ணி.

ரகு மாமா: எங்கள் வீட்டு மெஷினுக்கு ஊசி இல்லை. மூன்று மாதமாக வாங்கச் சொல்கிறாள்.

சுந்தரி அத்தை: யாரிடம் சொல்கிறேன் என்பதையும் சொல்லுங்கள்.

பிற்பகல் 3:15

வசந்தா பெரியம்மா: படம்

வசந்தா பெரியம்மா: பீரோவில் அளவு ரவிக்கை கிடைத்தது. ஆனால் இது என்னுடையது இல்லை. மெரூன், கையில் பொன்னிறக் கரை. யாருடையது?

மாலா: எனக்கு மெரூன் கிடையாது.

பத்மா சித்தி: அது என்னுடையது! ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நித்யா: சின்னப் பாட்டி, அது இப்போது உங்களுக்கு

நித்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பத்மா சித்தி: படித்துவிட்டேன் நித்யா.

வசந்தா பெரியம்மா: அப்படியானால் என்னுடையது எங்கே?

பத்மா சித்தி: அக்கா, அந்தப் பச்சைப் புடவைக்கு அடியில் பாருங்கள்.