பனங்காட்டுக்கு கிராவல் குத்தகை கேக்குறாங்க (பெரியவீட்டு குரூப்)

சின்ன மாமா: கிராவல் குழிக்காரங்க திரும்ப வந்தாங்க, அடுத்தாப்ல இருக்குற நம்ம பனங்காட்டையும் கேக்குறாங்க. யூனிட் கணக்குல காசாம். கருவை மொளச்சு சும்மா கெடக்குற எடந்தான, எல்லாரும் முடிவ சொல்லுங்க

துபாய் அண்ணன்: குடுத்துரலாம் மாமா

செல்வி: மாமா அவசரப்படாதீங்க, நேத்து சாயங்காலம் நான் அந்த குழிக்குள்ள எறங்கி பாத்தேன். மேல ஒரு அடி சாம்பல் மண்ணு, அதுக்கு கீழ ஆளு ஒசரத்துக்கு செவப்பா சரளையோட கிராவல், அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல, அதயும் தாண்டி வெள்ள மணல்ல தோண்டியிருக்காங்க, அள்ளுனா கையெல்லாம் சிப்பித்தூளு, பழைய கடக்கரை மணல் அது. சொவத்துல கசியுற தண்ணிய நாக்குல வச்சு பாத்தேன் நல்ல தண்ணி மாமா, ஆனா அடியில தேங்குனது இப்பவே கரிக்குது

துபாய் அண்ணன்: கமுதில என் மாமனார் ஊர்ல குழி வெட்டுனாங்க, மழைத்தண்ணி நின்னு ஊருணி மாதிரி நல்லாத்தான இருக்கு

செல்வி: அண்ணே அது கரிசல், களி தண்ணிய கீழ விடாது. இங்க மழைத்தண்ணி மணலுக்குள்ள எறங்கி கடல் உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நின்னா கீழ 40 அடிக்கு உப்ப அமுக்கி வச்சிருக்கும், குழி தோண்டி மேல 1 அடி எறங்கிருச்சுன்னா கீழருந்து உப்பு 40 அடி ஏறிரும், அப்பறம் நம்ம கெணறு மட்டுமில்ல கீழத்தெரு அடிபம்பும் போச்சு

கீழத்தெரு அத்தை: அப்பத்தா சொல்லச் சொல்றாக, கோடையில அந்தக் காட்டுலதான் ஊத்து தோண்டுவாகளாம். முழங்கை ஆழம் போதும், சிரட்டையால மோந்து மோந்து கொடத்துல ஊத்துவாகளாம், ஊருல எந்தக் கெணறு வத்துனாலும் அது வத்துனதில்லையாம்

சின்ன மாமா: இது எனக்கு தெரியாம போச்சே. சரி மேல கிராவல மட்டும் எடுங்கன்னு எழுதி வாங்கிக்கிட்டா?

செல்வி: ராத்திரி ஜேசிபி எவ்வளவு ஆழம் போகுதுன்னு யாரு நின்னு அளக்குறது மாமா? பக்கத்து குழியிலயும் சவுடுன்னு, அதாவது பள்ளம் நிரப்புற சாதா மண்ணுன்னு சொல்லித்தான் எடுத்தாங்க. 2021ல மதுரை ஹைகோர்ட் கிளை சவுடுங்குற பொதுப்பேர்ல பெர்மிட் குடுக்கக் கூடாது, மண்ணுல என்ன இருக்குன்னு லேப்ல பாத்துட்டுத்தான் குடுக்கணும்னு சொல்லிருச்சு. நம்ம கண்ணால பாக்கணும்னா ஒரு பாட்டில்ல பாதி மண்ணு போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி வைங்க, ஒரு நிமிசத்துக்குள்ள அடியில உக்காருறது பூரா மணல், வண்டல் மெதுவா உக்காரும், களி தெளிய ஒரு நாளாகும். நான் பனங்காட்டு மண்ணையே ஆறடி ஆழத்துல எடுத்து போட்டு பாத்தேன், முக்காவாசி ஒடனே உக்காந்துருச்சு

துபாய் அண்ணன்: அப்ப வேணாம் மாமா

சின்ன மாமா: ஞாயித்துக்கிழமை நானே வாரேன், என் கண்ணு முன்னாடி குலுக்கிக் காட்டு. அதுவரைக்கும் கையெழுத்து கெடையாதுன்னு சொல்லிட்டேன். அத்தை, மூடி டைட்டா இருக்குற பாட்டில் ரெண்டு எடுத்து வைங்க