ஸ்நார்க்கி பப்பியின் ‘லிங்கஸ்’: தாளத்தை எங்கே பிடிக்கிறது?

கொக்குவில் பொடியன்:

அண்ணைமார், அக்காமார், ஒரு உதவி. ஸ்நார்க்கி பப்பி என்கிற அமெரிக்க ஜாஸ் குழுவின் ‘வீ லைக் இட் ஹியர்’ ஆல்பத்தைக் கொஞ்ச நாளாகக் கேட்கிறேன். மிருதங்கம் பழகுகிறதால் எதைக் கேட்டாலும் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அதில் ‘லிங்கஸ்’ என்கிற பாட்டு ஐந்து எண்ணிக்கையில் போகிறது என்று விளங்கி, கண்டசாபு (எங்கட வேகமான ஐந்தெண்ணிக்கைத் தாளம்) போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒத்து வருகிற மாதிரி இருக்கிறது, ஊதுகருவிகள் சேர்ந்ததும் சமம், அதாவது சுற்று தொடங்குகிற இடம், எங்கே என்று தெரியாமல் நிற்கிறேன். அப்புறம், நடுவில் கோரி ஹென்றி கீபோர்டில் தனியாக வாசிக்கிற இடத்தை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு பேச்சுக்கு அதில் என்ன இருக்கிறது? வீட்டில் மாமாவிடம் கேட்டால், “கரண்ட் போனால்தான் எனக்கு நிம்மதி” என்கிறார்.

இணுவில் காது:

தம்பி, நீர் போடுகிற தாளம் பிழையில்லை, வேகம்தான் இடிக்குது. அந்த ஐந்து ஆறுதலான ஐந்து. கண்டசாபின் வேகத்தில் போட்டால் ஒரு சுற்றுக்குள் இரண்டு சாபு அடங்கிவிடும். இரண்டாவது சாபு எங்கே தொடங்கும் என்று எண்ணிப் பாரும்: மூன்றாம் எண்ணிக்கைக்கும் நாலாம் எண்ணிக்கைக்கும் நடுவில். நீர் அதைச் சமம் என்று நம்பித் தட்டுகிறீர், அவர்கள் அந்த இடத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாபுவை விட்டுவிட்டுக் கண்டஜாதி ஏகதாளம் போடும். ஒரு தட்டு, நாலு விரல், அவ்வளவுதான். ஊதுகருவிகள் வரும்போது அவர்களுக்குப் பின்னால் ஓட வேண்டாம், மைக்கேல் லீக்கின் பாஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு இரும். போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது. நல்ல இயர்போன் ஒன்று கட்டாயம் வேணும்.

கோரி ஹென்றியின் இடத்துக்கு வருவோம். எங்கட ஊரில் தவில் சத்தம் கேட்காமல் ஒருவரும் வளர முடியாது. அந்தக் காதோடு கேட்கிறவன் என்பதால் சொல்கிறேன், அங்கே கீபோர்டை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மனுசன் அவசரப்படாமல் தொடங்குகிறார். சின்னச் சின்னத் துண்டாக வாசித்து, நடுவில் கார்வை (இடைவெளி) விடுகிறார். டிரம்ஸ்காரர் லார்னெல் லூயிஸ் அந்தக் கார்வைக்குள் என்ன போடுகிறார் என்று கேளும். சில இடத்தில் பதில் சொல்கிறார், சில இடத்தில் வேண்டுமென்றே சும்மா விடுகிறார். பிறகு ஒற்றைச் சுரமெல்லாம் கூட்டுச் சுரங்களாகத் தடித்து, பாட்டின் கட்டையை (சுருதியை) விட்டு வெளியே போய்த் திரும்பி வரும். அந்த நேரத்திலும் கீழே தாளம் ஆடாமல் நிற்கிறது. நாதஸ்வரக்காரர் எவ்வளவு தூரம் போனாலும் தவில்காரர் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பாரே, அதே வேலைதான். இதில் இன்னொன்று, இந்த ஒலிப்பதிவுக்குப் போகும்போது விமானத்தில்தான் பாட்டுகளைக் கேட்டுப் பழகினேன் என்று லூயிஸே சொல்லியிருக்கிறார். நம்புகிறதும் விடுகிறதும் உம்முடைய இஷ்டம்.

பழைய கசெட்:

எல்லாரும் புகழுகிறபடியால் நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கு. ஜாஸ் கீபோர்ட்காரர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பம் 1973இல் வந்தது. அதில் ‘கமீலியன்’ கால் மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதன் தொடக்கத்தில் வருகிற பாஸ் வரி கிட்டாரில் வாசித்ததே இல்லை, ஹான்காக் சின்தசைசரில் வாசிக்கிறது. ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டு மனுசரைக் கட்டிப்போடுகிற துணிவு இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. இவர்களுக்கு ஒரு பாட்டுக்குள் பத்து விசயம் நடக்க வேணும்.

சுன்னாகம் வயலின்:

கசெட் அண்ணை சொல்கிறது ‘லிங்கஸ்’ போன்ற பாட்டுகளுக்குச் சரி, அதே ஆல்பத்தில் இருக்கிற ‘கைட்’டைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்ல ஏலாது. அதில் ஒருவருக்கும் அவசரமே இல்லை. கழுவித் துடைத்தது என்கிறீங்கள், ஆனால் இது 2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆட்களை முன்னால் இருத்திக்கொண்டே பதிந்தது. வீடியோவில் பாருங்கோ, கேட்கிறவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு நடுவிலேயே இருக்கிறார்கள். ஒருவர் சறுக்கினால் அத்தனை பேருக்கும் காதுக்குள்ளேயே கேட்டிருக்கும். ‘ஷோஃபுகன்’ முடிவில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து மெட்டைப் பாடுவார்கள். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான், கோரி ஹென்றி கோவித்தாலும் பரவாயில்லை. வயலினில் அந்த மெட்டைப் போட்டுப் பார்த்தேன், கமகம் (சுரத்தை அசைக்கிறது) வைக்காமல் நேராகப் போட்டால்தான் நிற்கிறது.

கொக்குவில் பொடியன்:

காது அண்ணை, ஏகதாளம் வேலை செய்யுது! கீபோர்ட் உச்சத்துக்குப் போகிற இடத்தில் மட்டும் கை இன்னும் தடுமாறுது, மற்றபடி முழுப் பாட்டும் பிடிபட்டுவிட்டது. மாமாவுக்கு ‘கைட்’ போட்டுக் காட்டினேன். “இது பரவாயில்லை, ஆனால் பாட்டுக்காரர் எப்ப வருவார்?” என்று கேட்டார். அடுத்தது எதைக் கேட்கலாம்?

இணுவில் காது:

அதே ஆல்பத்தில் ‘வாட் அபவுட் மீ?’ கேளும். கடைசிப் பகுதியில் மற்றவர்கள் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, லூயிஸ் அதற்கு மேல் தனியாக அடிப்பார். எங்கட தனி ஆவர்த்தனத்தில் மற்றவர்கள் தாளம் போட்டுக்கொண்டு இருப்பார்கள், இங்கே வாத்தியத்தாலேயே தாளம் போடுகிறார்கள். நீர் மிருதங்கக்காரர், உமக்கு அது நல்லாப் பிடிக்கும். கசெட் அண்ணை, திருப்பித் திருப்பிப் போடுகிற துணிவு கேட்டீங்களே, நீங்களும் அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டுவிட்டு வாங்கோ, பிறகு சண்டை பிடிப்போம்.

பழைய கசெட்:

கேட்டேன். டிரம்ஸ் நல்லாயிருக்கு. சண்டை இன்னும் முடியேல்லை.